சாப்பாட்டு நேரப் படம்

எங்கள் மாடியில் இரண்டு குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே குளியலறை. வாரத்தில் பாதி சாயங்காலம் அதில் எனக்குப் பாத்தியதை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் சிவப்பு பல்பைப் போட்டுக்கொண்டு, கதவிடுக்கில் கந்தைத் துணியைத் திணித்துவிட்டு உள்ளே உட்கார்ந்துவிடுவார். நான் பகல் முழுக்கக் குளிர்பதனக் கிடங்கில் உருளைக்கிழங்கு பொறுக்கிவிட்டு, நகக்கண்ணெல்லாம் மண்ணோடு வந்து கதவைத் தட்டினால், "அக்கா, ஒரு பத்து நிமிஷம். இப்பத் திறந்தா எல்லாம் போச்சு" என்று குரல் வரும். அந்தப் பத்து நிமிஷம் எந்தக் கடிகாரத்திலும் அடங்காது. அப்புறம் நான் குளிக்கப் போனால், தண்ணீர் ஊற்றும் குவளையில் படம் கழுவுகிற மருந்தின் காடிவாடை அடிக்கும். தலைக்கு மேலே கொடியில் கிளிப் மாட்டிய படங்கள் சொட்டிக்கொண்டிருக்கும்.

அவரும் அதே கிடங்கில்தான் வேலை. லாரி வந்து எடைமேடையில் ஏறினால் எடை பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற வேலை. ஆனால் ஊருக்கு அவர் போட்டோக்காரர். ஒரு கல்யாணம், ஒரு பிறந்தநாள் எடுத்தவரில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்து கேட்டால் நெளிவார். அந்த மாதிரிப் படம் தனக்கு வராது என்பார். என்னதான் எடுப்பார் என்றால், நனைந்த சாக்கு. டீக்கடை மூடிய பிறகு கவிழ்த்து வைத்த கெட்டில். தெருவிளக்குக்குக் கீழே யாரோ மறந்துவிட்டுப் போன குடை. எல்லாம் கறுப்பு வெள்ளை, பெரும்பாலும் இருட்டில் எடுத்தது. ஒரு தடவை நான் படிக்கட்டில் உட்கார்ந்து கையை மடியில் போட்டுத் தூங்கிவிட்டேன். கையை மட்டும் எடுத்துவிட்டார். எழுந்து நன்றாகத் திட்டினேன். படம் வந்ததும் பார்த்தேன். கையிலிருந்த ஒவ்வொரு வெடிப்பும் தெரிந்தது. இருபது வருஷமாக நான் என்ன வேலை செய்தேன் என்று வேறு யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வாங்கித் துணிப்பெட்டியில் வைத்துக்கொண்டேன், திட்டியதை வாபஸ் வாங்கவில்லை.

ஏன் கலர் எடுப்பதில்லை என்று கேட்டதற்கு, "கலர்ப் படம் பார்த்த உடனே எல்லாத்தையும் சொல்லிப்புடும்க்கா. இது அப்படி இல்ல. கொஞ்சம் நின்னாத்தான் பேசும்" என்றார். அவர் மனைவி சட்டைப் பித்தானுக்குக் காஜா எடுப்பவள். தையல் கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாக வரும், ஜன்னலோரம் உட்கார்ந்து எடுத்துக்கொண்டே இருப்பாள். "முகத்தைக் காட்டுற மனுசங்களை விட்டுட்டு முதுகைக் காட்டுற பானையைத் தேடிப் போறாரு" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பில் பெருமையும் இருக்கும். ஃபிலிமுக்கு ஆகிற செலவை அவள்தான் காஜாவில் பிடித்துத் தந்தாள்.

எங்கள் மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு ஜன்னல் உண்டு. அதிலிருந்து பார்த்தால் நேரே கிடங்கின் வாசல். இரும்புக் கதவு, அதற்கு மேலே ஒரு விளக்கு, தகரக் கூரைக்கடியில் வாட்ச்மேன் நாற்காலி, உள்ளே தள்ளி இடது ஓரத்தில் ஜெனரேட்டர் அறை. ராத்திரிப் படம் எடுப்பதென்றால் கேமராவை மூன்றுகால் ஸ்டாண்டில் அந்த ஜன்னலில் நிறுத்தி, அதன் கண்ணைத் திறந்துவிட்டு, சாப்பிடப் போய்விடுவார். இருட்டில் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேருமாம். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து மூடுவார். அதற்குச் சாப்பாட்டு நேரப் படம் என்றே பெயர் வைத்திருந்தார். அந்த நேரத்தில் நான் படியேறினால் கேமரா ஆடிவிடப் போகிறதே என்று பூனை மாதிரி ஏறவேண்டும்.

அந்த வாசலுக்கு ராத்திரி வாட்ச்மேன் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குச் சடைபோடக்கூடத் தெரியாத வயசு. அண்ணன்தான் சடைபோட்டு, சோறாக்கி, கல்யாணமும் செய்துவைத்தார். தான் கட்டிக்கொள்ளவில்லை. தங்கையின் புருஷனுக்கு எடைமேடை வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். கிடங்கு மதிலோரம் கம்பெனி கொடுத்த ஒற்றை அறையில் குடியிருந்தார். முழங்காலில் வலி, சாய்ந்து சாய்ந்து நடப்பார். சாயங்காலம் வேலைக்குப் போகுமுன் தங்கை வீட்டுக்கு வந்து டீ குடிப்பது வழக்கம். கையில் எப்போதும் கம்பெனி டார்ச். கழிப்பறைக்குப் போனாலும் அதை விடமாட்டார் என்று கிடங்கில் கேலி செய்வார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி கிடங்கில் திருடர்கள் புகுந்து ஒரு மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். போகிற அவசரத்தில் ஒரு குழாயை உடைத்துவிட்டார்கள். குளிரூட்டுகிற அம்மோனியா வாயு கசிந்தது. விடியற்காலை லாரிக்காக உள்ளே சாக்கு விரித்துப் படுத்திருந்த சுமைதூக்கி ஒருவர் மாட்டிக்கொண்டார். எத்தனை மூட்டை ஏற்றினாலும் முனகாமல் நடப்பதால் அவருக்கு ஒட்டகம் என்று பெயர். கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை. தரையில் படுத்து, கதவுக்கடியில் இருந்த சந்தில் வாயை வைத்து மூச்சு வாங்கியபடி கிடந்தவரை, காலை ஷிப்டுக்காரர்கள்தான் இழுத்து வெளியே போட்டார்கள். உயிர் பிழைத்தார். நெஞ்சு போய்விட்டது. எங்கள் கட்டடத்திலேயே கீழ்வீடு அவருடையது. அவர் இருமுவது மாடியில் இரண்டு வீட்டுக்கும் கேட்கும்.

வாட்ச்மேன் அன்றைக்கு வாசலை விட்டு நகரவே இல்லை என்று சொன்னார். திருடர்கள் பின்பக்க மதில் ஏறித்தான் வந்திருக்கவேண்டும் என்று போலீசும் எழுதி முடித்தது. அவ்வளவு கனமான மோட்டாரை மதில் மேலே எப்படித் தூக்கினார்கள் என்று நாங்கள் கிழங்கு பொறுக்கும் பெண்கள் பேசிக்கொண்டோம். நாங்கள் பேசுவதை யார் கேட்கிறார்கள்?

பிறகு ஒரு வருஷம் போய்விட்டது. கம்பெனி ஆண்டுவிழா வந்தது. தொழிலாளிகளின் திறமையை மேடையேற்றப் போவதாக மேனேஜர் அறிவித்தார். ஒருத்தர் பாடினார், ஒருத்தர் தீக்குச்சியில் வீடு கட்டி வைத்தார். போட்டோக்காரர் தன் படங்களைச் சட்டம் போட்டு மாட்டினார். அவருக்கு அதுவரை அப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை. துவைத்த சட்டையும் எண்ணெய் வைத்த தலையுமாக நின்றார். படங்களின் நடுவில் பெரிதாக வாசல் படம். மழை விட்ட ராத்திரி. கதவுக் கம்பிகளின் நிழல் நனைந்த தரையில் நீண்டு கிடக்கிறது. விளக்கைச் சுற்றி ஈரத்தில் ஒரு வட்டம். நடுவே காலி நாற்காலி. பார்த்தவர்கள் அங்கே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நகர்ந்தார்கள், நானும் நின்றேன்.

கீழே ஒரு அட்டையில், படமெடுக்கிற ஆசைக்காரர்கள் எல்லாரும் செய்வது போல, எடுத்த தேதி, என்ன ஃபிலிம், கேமரா எவ்வளவு நேரம் திறந்திருந்தது எல்லாவற்றையும் மணிமணியாக எழுதியிருந்தார். அந்தத் தேதியைப் படித்த சூப்பர்வைசர் மறுபடியும் ஒரு தடவை படித்தார். மோட்டார் போன ராத்திரி அது.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. ஃபிலிம் டப்பாவில் எழுதியிருந்த தேதியைப் பார்த்து அப்படியே அட்டையில் எழுதியிருக்கிறார். எந்த ராத்திரி என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

மறுநாளே வாட்ச்மேனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வாசலில் இல்லாதது நிரூபணமானால் வேலை போகும், குடியிருக்கும் அறையும் போகும். ஒட்டகத்துக்கு நேர்ந்ததற்கு வழக்கும் வரலாம். ஓய்வு பெற அவருக்கு அதிக நாள் இல்லை. அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டில் பேசியது எனக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. எங்களுக்கு நடுவே இருப்பது சுவரே இல்லை, பலகை.

"எங்கண்ணன் கழுத்துக்கு நீங்களே கயிறு திரிச்சிருக்கீங்க."

"நான் வெளிச்சத்தைத்தான் பார்த்தேன்."

"நாற்காலி கண்ணுல படலையா?"

"பட்டுச்சு. காலியா இருந்ததுதான் நல்லா இருந்துச்சு."

பொய் சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன். அதோடு அவள் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டை நங்கென்று வைப்பாள், அவர் சாப்பிடுவார், தட்டை எடுப்பாள். மழை வேறு விடாமல் பிடித்துக்கொண்டது. காஜா எடுத்த சட்டைகள் காயாத துணிவாடையோடு வீடு முழுக்கக் குவிந்து கிடந்தன.

வாட்ச்மேன் விசாரணையில் சொன்னது இதுதான்: அன்றைக்குத் தகரம் ஒழுகியது, நாற்காலியில் உட்கார முடியவில்லை, அதனால் வாசலுக்குள்ளேயே அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். போட்டோக்காரருக்கு இது காதில் விழுந்ததும் முகம் மாறிப்போயிற்று. என்னிடம்தான் முதலில் ஓடி வந்து சொன்னார். வீட்டில்தான் பேச்சு இல்லையே. இத்தனை நேரம் திறந்திருக்கிற படத்தில், நடக்கிற ஆள் விழமாட்டான். ஓரிடத்தில் நின்றால்தான் பதிவான். கதவும் நாற்காலியும் அசையாததால் தெரிகின்றன, மச்சான் நடந்ததால் தெரியவில்லை. மேனேஜரிடம் போய் இதையே சொன்னார். மேனேஜர் சிரித்தார். கண்ணுக்குத் தெரியாத ஆள் காவல் காத்தாரா என்று கேட்டார்.

"எடுத்தே காட்டறேன் சார். அதே ஜன்னல், அதே கேமரா. மச்சான் நடக்கட்டும். படத்துல அவர் விழுந்தா என்னையும் சேர்த்து அனுப்பிடுங்க."

அந்த வார்த்தைக்கு மேனேஜர் சம்மதித்தார். சனிக்கிழமை இருட்டியதும் எடுப்பது, சூப்பர்வைசர் கூடவே இருந்து கழுவி அச்சுப் போடும்வரை பார்ப்பது என்று ஏற்பாடு.

அதற்கு முன்னால் ஒரு ஒத்திகை பார்த்துவிட நினைத்தார். மனைவியைத் தெருவில் நடக்கச் சொல்லி ஒரு படம். அண்ணனுக்காக அவள் எதுவும் செய்வாள். பேசாமலே இறங்கிப் போனாள். கரண்ட் இல்லாத நேரம், பள்ளம் மேடு தெரியாதே என்று வீட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் நடந்தாள். மறுநாள் நான் குளிக்கப் போனபோது அந்தப் படம் கொடியில் தொங்கியது. தெரு இருந்தது, சுவர் இருந்தது, அவள் இல்லை. சொன்னது சரிதான். ஆனால் படத்தின் குறுக்கே, இடுப்பு உயரத்தில், கோணல்மாணலாக ஒரு வெள்ளைக் கோடு போயிற்று.

வெளியே வந்து அது என்னவென்று கேட்டேன். அவர் துண்டைப் பிழிந்து உதறி, மறுபடி பிழிந்தார்.

"டார்ச்சு. ஆள் மறைஞ்சிடுவாங்க. வெளிச்சம் மறையாது."

"அப்ப அந்த வாசல் படத்துல?"

"அதுல கோடு இல்ல."

"உங்க மச்சான் டார்ச் இல்லாம நடப்பாரா?"

"பாட்டரி தீர்ந்திருக்கலாம்" என்றார்.

இருக்கலாம் என்று நானும் சொன்னேன். வேறு என்ன சொல்வது? பலகைக்கு அந்தப் பக்கம் அவள் இருக்கிறாள். நான் தேங்காய் உடைத்தமாதிரி பேசுகிறவள் என்று பெயர் வாங்கியவள், ஆனால் அந்தப் பேச்சை அங்கே முழுங்கிவிட்டேன். அவர் அந்தப் படத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மனைவி கண்ணாலேயே கேட்டதற்கு ஃபிலிமில் கீறல் விழுந்துவிட்டதென்று ஜாடை காட்டினாராம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ச்மேன் டீ குடிக்க வந்திருந்தார். நானும் அங்கே இருந்தேன். போட்டோக்காரர் கேமராவைத் துடைத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "நாளைக்கு டார்ச் வேண்டாம் மச்சான். சும்மா கையை வீசிட்டு நடங்க போதும்" என்றார்.

வாட்ச்மேன் மடியில் இருந்த டார்ச்சைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. சாதாரணமாக எதற்கும் ஏன் என்று கேட்கிற ஆள் அவர். தங்கை டீயில் சர்க்கரை குறைத்தால்கூடக் காரணம் கேட்பார்.

அந்த நேரத்தில்தான் ஒட்டகம் படியேறி வந்தார். ஒரு படி, ஒரு நிற்றல், ஒரு இருமல். வாசலில் பிடித்து நின்று மூச்சு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, தங்கையைப் பார்த்துச் சொன்னார்: "நீ கவலைப்படாதேம்மா. அண்ணன் வாசலை விட்டு நகர்ற ஆளில்ல. நகர்ந்திருந்தா நான் கத்தினது கேட்டு வந்திருப்பாரே. நாளைக்கு நானும் வந்து உக்கார்றேன். கேமராவை யாரும் தட்டிடாம பார்த்துக்கறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கும் டீ ஊற்றினாள். வாட்ச்மேன் டம்ளரைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். ஒட்டகம் இறங்கும்போது கையைப் பிடித்துக் கீழே கொண்டுபோய் விட்டுவிட்டு, அப்படியே வேலைக்குப் போய்விட்டார். அந்த ஒரு வருஷமாக ஒட்டகம் எங்கே ஏறினாலும் இறங்கினாலும் கைபிடித்துக் கூட்டிப்போனது அவர்தான்.

சனிக்கிழமை மழை விட்டுவிட்டுத் தூறியது. இருட்டியதும் சூப்பர்வைசர் குடையும் கையுமாக வந்து சேர்ந்தார். எல்லாம் அன்றைக்கு நடந்தது போலவே நடக்கவேண்டும் என்பதில் அவருக்கு ரொம்பக் கறார். அப்படியானால் சாப்பாடும் உண்டா என்று கேட்டார். தங்கை ரொட்டி சுட்டு, உருளைக்கிழங்கு மசித்து, முட்டை பொரித்து வைத்திருந்தாள். ஜன்னலில் கேமரா நின்றது. பக்கத்தில் முக்காலி போட்டு ஒட்டகம் உட்கார்ந்திருந்தார். சூப்பர்வைசர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்; வாசல் விளக்கடியில் வாட்ச்மேன் கையை வீசிக்கொண்டு சாய்ந்து சாய்ந்து நடந்துகொண்டிருந்தார். திருப்தி. போட்டோக்காரர் கேமராப் பித்தானை அமுக்கி, கண் திறந்தே இருக்கும்படி பூட்டினார். நாங்கள் சாப்பிட வந்துவிட்டோம்.

சாப்பிட்டது சூப்பர்வைசர் ஒருத்தர்தான். முட்டை நன்றாக இருக்கிறதென்றார், இன்னொரு ரொட்டி கேட்டார். போட்டோக்காரர் தட்டில் கிழங்கைக் கிளறிக்கொண்டே இருந்தார். தங்கை பரிமாறுகிற சாக்கில் நின்றுகொண்டே இருந்தாள். ஜன்னல் பக்கமிருந்து ஒட்டகத்தின் இருமல் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு சமயம் அது நின்றுவிட்டது. தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். சூப்பர்வைசர் கைகழுவியதும் எல்லாரும் போய் கேமராவை மூடினோம். ஒட்டகம் தூங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். என்ன தம்பி, குளிருதா என்று கேட்டதற்கும் திரும்பவில்லை.

போட்டோக்காரர் குளியலறைக்குள் போனார். சூப்பர்வைசர் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம், டப்பாவைக் குலுக்குகிற சத்தம். கதவைத் திறந்துகொண்டு வந்தபோது கையில் ஃபிலிம் சொட்டிக்கொண்டிருந்தது. படம் வந்துவிட்டதா என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு, காயவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்கு வந்தார். குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நானும் அவளும் அண்ணாந்து பார்த்தோம். ஃபிலிமில் எல்லாம் தலைகீழ். இருட்டு வெள்ளையாகவும் வெளிச்சம் கறுப்பாகவும் இருக்கும். நகத்தளவு வாசலில், கதவிலிருந்து தொடங்கி ஒரு கறுப்பு இழை ஓடியது.

அவளுக்கு இது என்னவென்று யாரும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். அத்தனை நாளுக்கப்புறம் அவரிடம் பேசினாள்.

"கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்க."

அவர் ஃபிலிமை இறக்கவில்லை.

"வெளிச்சத்துல காட்டினா அழிஞ்சிடும்னு சொல்வீங்களே. காட்டுங்க."

"இனிமே எவ்வளவு வெளிச்சம் பட்டாலும் அழியாது. கழுவி முடிஞ்சாச்சு."

அவள் காஜா கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள். "அப்ப வெட்டிப் போடுங்க. எனக்கு அவரை விட்டா யாரு இருக்கா?" அந்தக் கேள்வி புருஷனை எவ்வளவு குத்தும் என்று அவள் அப்போது யோசித்திருக்கமாட்டாள். அவர் கத்தரிக்கோலை வாங்கினார். ஃபிலிமில் வைத்தார். எனக்கு வெட்டிவிடட்டும் என்றுதான் இருந்தது, சத்தியமாக.

"வேணாம்மா."

வாட்ச்மேன் அடுக்களை நிலைப்படியில் நின்றார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. கையில் டார்ச் இருந்தது. சட்டைக்குள்ளே வைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"மாப்பிள்ளை, அதைப் போடுங்க. நல்லா பெருசா போடுங்க."

"மச்சான், நான் வேண்டாம்னு சொன்னேனே."

"சொன்னீங்க. அதனாலதான் உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுது. நீங்க எனக்காகச் சும்மா இருந்துடுவீங்க. நேத்து ஒட்டகம் வந்து பேசினானே, அதை வெச்சுக்கிட்டு நான் எப்படி இருக்கறது?"

கத்தரிக்கோலை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, போட்டோக்காரர் மின்விசிறிக்கடியில் ஃபிலிமைக் காயப்போட்டார். அது காயும்வரை வாட்ச்மேன் ஒரு மூலையில் குந்தியிருந்தார். தங்கை துண்டை எடுத்துப் போய் அவர் தலையைத் துவட்டினாள்.

அச்சுப் போடும்போது குளியலறைக்குள் போட்டோக்காரர், சூப்பர்வைசர், நான். நான் எதற்கு என்று கேட்டால், என் குளியலறை, நான் போவேன். சிவப்பு வெளிச்சத்தில் சூப்பர்வைசர் முகம்கூடக் கொஞ்சம் நல்லவர் முகம் மாதிரி இருந்தது. போட்டோக்காரர் வெள்ளைத் தாளை மருந்துத் தட்டில் விட்டு ஆட்டினார். முதலில் இருட்டு வந்தது. பிறகு கதவுக் கம்பிகள், தகரம், நாற்காலி. ஆள் இல்லை. நடந்த மனுஷனின் நிழல்கூட விழவில்லை. "அட, ஆமாய்யா" என்றார் சூப்பர்வைசர். ஆனால் சுற்றிலும் கறுக்கக் கறுக்க, கறுக்காமல் ஒரு கோடு நின்றது. கதவிலிருந்து கிளம்பி, நாற்காலியைத் தாண்டி, முழங்கால் வலிக்காரர் நடக்கிற மாதிரியே ஏறி இறங்கி, இடது ஓரத்துக்குப் போய், ஜெனரேட்டர் அறைக் கதவில் முடிந்தது. முடிந்த இடத்தில் கோலிகுண்டு அளவு வெள்ளைப் பொட்டு. வெகுநேரம் அங்கேயே, ஜன்னலைப் பார்த்து டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்; அந்த வெளிச்சக் கூச்சத்தில் ஆள் விழவில்லை.

எடுத்து அலசிவிட்டு வெளியே கொண்டுவந்தோம். எல்லாரும் படிக்கட்டுத் திருப்பத்தில்தான் இருந்தார்கள். சூப்பர்வைசர் அந்தப் பொட்டில் விரலை வைத்து, இங்கே போய் ஏன் நின்றார் என்று கேட்டார்.

"அன்னைக்கு நான் இருந்த இடம் அதுதான் சார்" என்றார் வாட்ச்மேன். "சாயங்காலம் ஜெனரேட்டர் ஓடினதுல உள்ள கதகதப்பா இருந்துச்சு. காலு கடுத்துச்சு. கதவைப் பூட்டாம போய்ப் படுத்துட்டேன். வாசல் வழியாத்தான் வந்திருப்பாங்க, வாசல் வழியாத்தான் போயிருப்பாங்க."

சூப்பர்வைசர் குடையை எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை மேனேஜரைப் பார்க்கச் சொன்னார். ஈரப் படத்தை எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாமல், விரல்நுனியில் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். தங்கை சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். போட்டோக்காரர் ஸ்டாண்டின் கால்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தார். மடக்கியதையே மறுபடி விரித்தார்.

ஒட்டகம் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஜன்னல் வழியே அவர் எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிட்டார் என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. இருமல் வந்தது, அடக்கிக்கொண்டார்.

"ஜெனரேட்டர் ரூமுக்கும் நான் கிடந்த கதவுக்கும் நடுவுல ஒரு சுவர்தானே இருக்கு அண்ணே?"

"ஆமா."

"நான் கத்தினது கேட்டுச்சா?"

எனக்குத் தெரிந்தவரை அந்த இடத்தில் எந்த மனுஷனும் கேட்கவில்லை என்றுதான் சொல்லுவான். தூக்கத்தில் கிடந்தேன் என்று சொன்னால் யாரும் மறுக்கப் போவதில்லை.

"கேட்டுச்சு" என்றார் வாட்ச்மேன். "எழுந்து உக்கார்ந்தேன். மறுபடி கத்துறாங்களான்னு பார்த்தேன். நீ கத்தல. படுத்துட்டேன்."

ஒட்டகம் தலையை ஆட்டிக்கொண்டார், கணக்குச் சரியாக வந்துவிட்டது போல. பிறகு எழுந்தார். வாட்ச்மேன் பழக்கத்தில் கையை நீட்டினார். ஒட்டகம் அந்தக் கையைப் பார்த்தார், சுவரைப் பிடித்துக்கொண்டார். ஒரு படி, ஒரு நிற்றல், ஒரு இருமல். அவர் கீழே போய்க் கதவைச் சாத்தும்வரை நாங்கள் நாலு பேரும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தோம்.